இட்டேரி வழியே ஊதியூர் மலைக்கு

திருப்பூரைப் பற்றி எழுதுவோர் அனைவரும் அதன் ஓசையைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். ஓவர்லாக் இயந்திரத்தின் விடாத இரைச்சலையும், சரக்கு வண்டிகளின் நெரிசலையும், சனிக்கிழமை மாலையில் சம்பளம் வாங்கிய கையோடு கடைவீதியில் பெருகும் ஜனத்திரளையும் சொல்லாமல் அந்நகரத்தைச் சொல்ல முடியாது என்பதும் உண்மையே. ஆயினும், அவ்வோசைக்குக் கிழக்கே, பஸ்ஸில் ஒரு மணி நேரப் பிரயாணத்தில், காற்றையும் ஆட்டு மணியையும் தவிர வேறொன்றும் செவியில் படாத மேட்டு நிலம் ஒன்று விஸ்தாரமாகப் பரந்து கிடக்கிறது என்பதையும், அந்நிலத்தினூடே காங்கயத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையருகில் ஊதியூர் மலை என்று ஒரு நீண்ட குன்று எழுந்து நிற்கிறது என்பதையும், பனியன் கம்பெனிகளில் ஆயுளைக் கழிக்கும் பல்லாயிரம் பேர் அறியாமலே இருந்துவிடுகிறார்கள். அந்த நிலத்தில் கால்நடையாகச் செல்வது எத்தகைய அனுபவம், அந்நடைக்கு வழி எங்கே, அவ்வழிக்கு இன்று நேர்ந்திருக்கும் அபாயம் யாது என்பனவற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேட்டு நிலத்தின் சுபாவம்

நொய்யலுக்கும் அமராவதிக்கும் இடைப்பட்டு, காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் முதலிய ஊர்களைத் தழுவிக் கிடக்கும் இந்தப் பிரதேசம், ஆண்டொன்றுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழையைக் கொண்டே உயிர் தரித்திருப்பது. மேற்கு மலைகளின் மறைவில் அமைந்தமையால் தென்மேற்குப் பருவம் இவ்விடத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் காற்றைத்தான். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவம் கொடுப்பதை வைத்தே எஞ்சிய மாதங்களையும் ஓட்டியாக வேண்டும். செம்மண்ணோடு வெங்கச்சாங்கற்களும் சுண்ணாம்புக் கற்களும் விரவிய இத்தகைய வானம் பார்த்த பூமியில், விதைத்துவிட்டு மழைக்கு ஏங்கி நிற்பதைக் காட்டிலும், புல்லை வளரவிட்டு, அப்புல்லால் கால்நடையை வளர்த்து, அக்கால்நடையால் குடும்பத்தை வளர்ப்பதே விவேகம் என்று கண்டுகொண்ட கொங்கு நாட்டுக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் மேய்ச்சல் நிலத்துக்கே கொறங்காடு என்று பெயர்.

இதன் ஏற்பாடு எளியது. ஆனால் அவ்வெளிமைக்குள் நுட்பமான அறிவு ஒன்று இருக்கிறது. நிலத்தைச் சில ஏக்கர் பரப்புள்ள துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் சுற்றிக் கிளுவை முள்ளை நெருக்கமாக நட்டு உயிர்வேலி அமைப்பார்கள். வேலியில் ஓரிடத்தில் மட்டும் கடவு விட்டு, அதற்குப் படல் கட்டி வைப்பார்கள். உள்ளே, வறட்சிக்கு எளிதில் மடியாத கொழுக்கட்டைப் புல் தரையெங்கும் படர்ந்திருக்க, இடையிடையே வெள்வேல மரங்கள் கிளை பரப்பி நிற்கும். மழைக்காலத்தில் கால்நடைக்குப் புல் உணவாகிறது; புல் காய்ந்து கருகும் கோடையிலோ, வெள்வேலங்காய்கள் முற்றி உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகாரமாகின்றன. ஒரு காட்டில் மேய்ச்சல் குறைந்ததும் மந்தையை அடுத்த காட்டுக்கு மாற்றி, முதற்காட்டின் புல்லுக்கு மூச்சுவிட அவகாசம் கொடுப்பதும் வழக்கம். காங்கயம் இனம் என்று தேசமெங்கும் கீர்த்தி பெற்ற மாடுகள் இந்தப் புல்லில் உருவானவையே. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் அவ்வினத்தைத் தேர்ந்து பெருக்கியதால் அதன் புகழ் வளர்ந்தது. செந்நிறமாகப் பிறக்கும் இதன் கன்று, ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதை, கொறங்காட்டு வழியே நடப்பவர்கள் தாயையும் கன்றையும் ஒருங்கே பார்த்து உணரலாம்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மேற்கு மலைத்தொடர் அறுபட்டு வழிவிடும் பாலக்காட்டுக் கணவாயின் ஊடாக ஆனி, ஆடி மாதங்களில் புகுந்து வரும் காற்று, தடுப்பார் இல்லாத இந்த மேட்டு நிலத்தின்மீது இரவும் பகலும் ஓயாமல் வீசுகிறது. முன்னோர் அக்காற்றைத் தூற்றுக்குப் பயன்படுத்தினார்கள், இக்காலத்தவர் காற்றாலைகளை நிறுத்தி மின்சாரம் எடுக்கிறார்கள். ஆடிக் காற்றில் எதிர்த்து நடப்பது சிரமமே. எனினும், நாள் முழுவதும் பஞ்சுத் தூசி படிந்த அறையில் குனிந்திருந்த நெஞ்சுக்கு அந்தச் சிரமம் ஒருவகை ஔஷதம்.

இட்டேரியில் நடை

கொறங்காடுகள் தனியார் உடைமை. அவற்றினுள் நினைத்தபடி புகுந்து திரிய எவருக்கும் பாத்தியதை இல்லை. பின், நடப்பவனுக்கு வழி ஏது என்றால், இரண்டு காடுகளின் வேலிகளுக்கு இடையே மாடும் வண்டியும் போய்வருவதற்கென்று முன்னோர் விட்டுவைத்த இட்டேரிதான் வழி. இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் கிளுவையும் கள்ளியும் நெருங்கி வளர்ந்து, அவற்றின்மேல் பிரண்டையும் கோவையும் கொடி வீசி, அடியில் ஆவாரை மஞ்சளாய்ப் பூத்திருக்க, நடுவே வண்டித் தடம் பதிந்த மண் பாதையாக அது ஊரிலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து கிணற்றுக்கும், கிணற்றிலிருந்து காட்டுக்கும் வளைந்து வளைந்து செல்கிறது.

சாலையில் போகிறவன் தூரத்தைக் கடக்கிறான். இட்டேரியில் போகிறவனுக்கோ தூரம் என்ற நினைவே மறந்துபோகிறது. வேலி உயர்ந்த இடத்தில் பார்வை பத்தடிக்குள் அடங்கிவிடுவதால், கண்ணுக்கு முன் செவி விழித்துக்கொள்கிறது: வேலிக்குள் சருகை மிதித்து ஓடும் கௌதாரி, எங்கோ குழறும் செம்போத்து, தலைக்கு மேல் ஆள் வரவை அறிவித்துக்கொண்டே பறக்கும் ஆட்காட்டி ஆகிய ஒவ்வொன்றும் உருவம் தெரிவதற்கு முன்பே குரலால் அறிமுகமாகிறது. கீரியும் உடும்பும் பாம்பும் இவ்வேலிகளையே வீடாகக் கொண்டவை; உழுத நிலத்தில் ஒதுங்க இடமற்ற பல ஜீவன்கள் இந்த முட்சுவர்களின் தயவால்தான் உயிர் வாழ்கின்றன. திடீரென்று ஒரு வளைவில் வேலி தாழ்ந்ததும், அதுவரை மறைந்திருந்த புல்வெளி முழுவதும் அடிவானம் வரை விரிந்து, அதில் நாலைந்து மாடுகள் தலை குனிந்து மேய்ந்துகொண்டிருப்பதைக் காணும்போது மனத்தில் எழும் விசாலத்துக்குக் கட்டணம் ஏதும் இல்லை.

எதிர்ப்படும் மேய்ப்பர்கள் புதியவரைக் கண்டால் பேசாமல் போகமாட்டார்கள். “ஏனுங்க, இந்த வெயில்ல எங்கீங்க நடந்தே போறீங்க?” என்று கேட்பார்கள், மலைக்கு என்று சொன்னால், “பஸ்ஸு போகுதுங்களே!” என்று வியப்பார்கள். வழியைக் கேட்டால், இன்ன வேப்பமரம், இன்னார் தோட்டத்துக் கிணறு, இன்ன தொண்டுப்பட்டி என்று அடையாளம் அடுக்கி, கடைசியில் தாமே சிறிது தூரம் கூட வந்து திசை காட்டிவிட்டுத் திரும்புவதும் உண்டு.

மலை முகட்டில்

ஊதியூர் மலை, காங்கயத்துக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில், சமநிலத்தின் நடுவே ஒற்றைத் தொடராக நீண்டு கிடக்கிறது. மலையில் உத்தண்ட வேலாயுதசாமி கோயில் இருக்கிறது. அதற்கு மேல் கொங்கணச் சித்தர் பெயரால் வழங்கும் கோயிலும் குகையும் உண்டு. சித்தர் இம்மலையில் தங்கி இரசவாதம் செய்து பொன் விளைவித்தார் என்பது ஐதிகம். பொன்னூதி மலை என்ற பழம்பெயர் அவ்வைதிகத்தைச் சார்ந்தே வழங்குகிறது. கிருத்திகைக்கும் தைப்பூசத்துக்கும் வரும் பக்தர்கள் முருகனைத் தொழுதுவிட்டுப் பெரும்பாலும் அங்கிருந்தே இறங்கிவிடுவதால், மேலே செல்லச் செல்ல ஏகாந்தம் மிகுகிறது.

உயரத்தைக் கொண்டு பெருமை பேசக்கூடிய மலையன்று இது. ஆனால் சுற்றிலும் தாழ்ந்த நிலமாகையால், பாறை ஒன்றின்மீது நின்று நோக்கினால் கொறங்காடுகளின் அமைப்பு முழுவதும் தெளிவாக விளங்குகிறது: கருமையான கிளுவை வேலிகள் கோடுகளாகவும், அவற்றுக்கு இடையே புல் நிலங்கள் மழைக்காலமாயின் பசுமையாகவும் கோடையாயின் வெண்பழுப்பாகவும், வேலிகளுக்கு நடுவே இட்டேரிகள் செம்மண் கீற்றுகளாகவும் தோன்றும். வடக்கே சிவன்மலை தெரியும்; அதன் பாறையை ஆராய்ந்து 1901ஆம் ஆண்டில் ஹாலந்து என்ற புவியியலார் எழுதியதிலிருந்து, குருந்தக்கல் விளையும் அந்தக் குன்று அத்துறையினருக்குப் பரிச்சயமானது. வானம் தெளிந்த காலையாக இருந்தால் தெற்கே பழனி மலைத்தொடர் நீலமாகத் தென்படும். கீழே, அண்மையில், காற்றாலைகள், தொலைவில் சாலை, சாலையில் சரக்கு வண்டிகள். அவ்வண்டிகளில் ஒன்று திருப்பூர்ப் பனியனைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதாக இருக்கலாம். அதன் ஓசை மட்டும் மலை முகட்டை எட்டுவதில்லை.

லங்காஷயரின் புல்மேடு

துணி நெய்யும் ஊருக்கும் மேட்டுப் புல்வெளிக்கும் உள்ள சம்பந்தம் திருப்பூருக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில், பருத்தி ஆலைகள் நிறைந்த லங்காஷயர் பிரதேசத்து மாஞ்செஸ்டர் நகரின் கிழக்கே பெனைன் மலைத்தொடரின் முதுகில் மூர் எனப்படும் நிலம் பரந்திருக்கிறது. மரமற்று, ஹெதர் என்னும் குறுஞ்செடியும் புல்லும் மூடி, அடியில் கரிய சதுப்பு மண் ஊறிக் கிடக்கும் குளிர்ந்த மேடு அது. நமது கொறங்காட்டில் பெய்வதைப்போல் இரு மடங்குக்கு மேல் அங்கே மழை பெய்கிறது. அம்மழை சிறு ஓடைகளாக இறங்கி, தொடக்க கால ஆலைகளின் சக்கரங்களைச் சுழற்றியது. உப்பற்ற அதன் மென்மை, துணியை வெளுக்கவும் சாயமிடவும் உகந்ததாயிற்று. அவ்வாறு மூரின் நீரால் வளர்ந்த ஆலைகளில் வாரம் முழுவதும் உழைத்தவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் மூரின் காற்றை நாடி ரயிலேறினார்கள். ஆனால் அம்மேடுகளில் பெரும்பகுதி பிரபுக்களின் உடைமையாகி, கவுதாரி இனத்துப் பறவையான குரௌஸை வேட்டையாடுவதற்கென்று காவலர் போட்டு அடைக்கப்பட்டிருந்தது.

1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி, ஹேஃபீல்டு கிராமத்திலிருந்து சுமார் 400 பேர், 636 மீட்டர் உயரமுள்ள கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டின்மேல் தடையை மீறி நடந்தார்கள். தலைமை வகித்த பென்னி ராத்மன் என்பவருக்கு அப்போது வயது 20. காவலரோடு கைகலப்பு நேர்ந்தது. ஆறு பேர் கைதாகி, அவர்களில் ஐவர் இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை சென்றார்கள். ஆனால் அத்தண்டனையே பொதுஜன அபிப்பிராயத்தை அவர்கள் பக்கம் திருப்பியது. 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புறப் பாதைகளுக்கும் ஒரு சட்டம் பிறந்தது. 1951இல் அந்த மேட்டுப் பிரதேசமே அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 2000ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த மேடுகளில் நடக்கும் உரிமையை எல்லோருக்கும் அளித்தது. 2002இல், கிண்டர் நடையின் எழுபதாம் ஆண்டு நிறைவின்போது, பதினோராம் டெவன்ஷயர் கோமகன் தம் முன்னோர் செய்ததற்குப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

அதே 1932ஆம் ஆண்டு ஜனவரியில்தான், சென்னிமலையில் பிறந்த குமரன், திருப்பூர்த் தெருவில் தடையை மீறிச் சென்ற ஊர்வலத்தில் தடியடிபட்டு உயிர் நீத்தார். தேசத்துக்காகப் புரிந்த உயிர்த்தியாகத்தையும், உலாவும் உரிமைக்காக நடந்த கிளர்ச்சியையும் ஒரே தட்டில் வைப்பது தகாது. ஆயினும், அந்நியத் துணி வேண்டாம் என்று கதர் நெய்த ஊரிலும், அவ்வந்நியத் துணியை நெய்த ஊர்களுக்கு அருகிலும், அதிகாரம் அடைத்த வழியில் எளிய மனிதர்கள் அவ்வாண்டில் அடியெடுத்து வைத்தார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. அதற்கு முந்திய செப்டம்பரில் காந்தியடிகள் லங்காஷயருக்கே சென்று, கதர் இயக்கத்தால் வேலை இழந்த ஆலைத் தொழிலாளர்களை நேரிற் கண்டு பேசியபோது, அவர்கள் அவரைப் பகைக்காமல் அன்போடு வரவேற்றதும் நாடறிந்த சரித்திரம்.

உருவத்தில் மூருக்கு நெருங்கிய சொந்தம் நம் நாட்டில் உண்டு என்றால், அது நீலகிரி, ஆனைமலை உச்சிகளில் சோலைக்காடுகளை ஒட்டிக் கிடக்கும் புல்வெளிதான். உதகையில் வந்து குடியேறிய ஆங்கிலேயர் அதைக் கண்டு சொந்த ஊரின் நினைவெய்தி, மஞ்சள் பூப்பூக்கும் கார்ஸ் என்னும் முட்புதரைக் கொணர்ந்து நட்டார்கள். அச்செடி இன்று அங்கே அடங்காத களையாகிவிட்டது. ஆனால் முக்குருத்தி தேசியப் பூங்காவுக்கும் ஆனைமலையின் புல்மலைக்கும் வனத்துறையின் அனுமதியின்றிச் செல்ல முடியாது. வரையாடு முதலிய உயிர்களின் நன்மைக்கு அக்கட்டுப்பாடு அவசியமும்கூட. ஆகவே, ஒன்றரை ஷிப்டு வேலை முடித்து, கிடைக்கும் ஒரே ஓய்வு நாளில் ஐம்பது ரூபாய் பஸ் கட்டணத்துக்குமேல் யோசிக்கும் டெய்லருக்கும் செக்கிங் பெண்ணுக்கும், காங்கயத்து மேடுதான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

பாதை யாருக்கு உரியது

இங்கிலாந்தில் நிலம் அடைபட்டிருந்தது, போராடித் திறந்தார்கள். நம்மிடமோ வழி திறந்திருந்தது, கவனிப்பாரின்றி அடைபட்டு வருகிறது. வண்டி மாடுகள் குறைந்து, ஊருக்கு ஊர் தார்ச்சாலை வந்தபின், இட்டேரியில் நடக்க வேண்டிய காரணம் குடியானவனுக்கே இல்லாமற் போயிற்று. நடமாட்டம் நின்ற தடத்தில் சீமைக்கருவேல் முளைக்கிறது. அது அடர்ந்ததும் பக்கத்துக் காட்டுக்காரர் வேலியைச் சற்று நகர்த்திக்கொள்கிறார். கொறங்காடே வீட்டுமனையாக விலைபோகும்போது கிளுவை வேலி பிடுங்கப்பட்டு, கம்பியோ சுவரோ எழுகிறது. கிராம வரைபடத்தில் அரசாங்கப் பாதையாகக் குறிக்கப்பட்டிருக்கும் இட்டேரி, தரையில் தேடினால் கிடைப்பதில்லை.

இத்தகைய மௌனமான இழப்பு என்ன விலை கேட்கும் என்பதற்கு நொய்யலே சாட்சி. திருப்பூரின் சாயக் கழிவு கலந்து ஆறு கெட்டதைப் பல்லாண்டு பலரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காங்கயம் வட்டாரத்து ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று கட்டப்பட்டு, கழிவைத் தேக்கும் குட்டையாக முடிந்தது. இறுதியில் 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோதுதான் தொழிலே நடுங்கி விழித்துக்கொண்டது. நீருக்கு நேர்ந்தது நிலத்துக்கும் வழிக்கும் நேராமலிருக்க, இப்போதே விழிப்பது நலம்.

நடக்க விரும்புவோர் சில நியமங்களை மனத்தில் கொள்ளவேண்டும். கார்த்திகை முதல் தை வரையுள்ள காலம் உத்தமம். புல் பசுமையாயிருக்கும், வெயில் தணிந்திருக்கும். விடியற்காலையில் புறப்பட்டு, உச்சி வெயிலுக்கு முன் மலையடிவாரம் சேர்ந்துவிட வேண்டும். போதிய நீரைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். கடவில் படல் சாத்தியிருந்தால் சாத்தியபடியே இருக்கட்டும். உள்ளே நிலத்துக்காரர் அனுமதியின்றிப் புகலாகாது. உண்ட மிச்சத்தை, குறிப்பாக இறைச்சிக் கழிவை, வழியில் எறிவது பெரும் தீங்கு. அதை நாடிக் கூடும் தெருநாய்கள் பட்டியிலுள்ள ஆடுகளைக் கடித்துக் கொல்வது இவ்வட்டாரக் குடியானவர்களின் தீராத துயரமாக இருக்கிறது. ஊதியூர்க் காட்டுப் பகுதியில் அண்மை ஆண்டுகளில் சிறுத்தை நடமாட்டமும் இருந்தமையால், கோயிலுக்கு மேற்பட்ட காட்டு வழியில் வனத்துறையினரிடம் விசாரித்துக்கொண்டு, பகலில், கூட்டமாகவே செல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம் சொன்னபின், ஒரு யோசனையையும் முன்வைக்கலாம். லங்காஷயரில் துணி அச்சடிக்கும் ஆலை ஒன்றில் 13 வயதில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு நாட்களில் பெண்டில் குன்றில் ஏறி வளர்ந்தவர் டாம் ஸ்டீஃபன்சன். அவர் பிற்காலத்தில் பத்திரிகையாளராகி, 1935ஆம் ஆண்டு, பெனைன் மலைத்தொடரின் முதுகின்மீது வடக்கு நோக்கி ஒரு நெடும்பாதை வேண்டும் என்று நாளிதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். நில உடைமையாளரோடு பேசிப் பேசி, துண்டு துண்டாக உரிமை பெற்று, 30 ஆண்டுகளுக்குப் பின், 1965இல், 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பெனைன் பாதை திறக்கப்பட்டது. நமக்கு வேண்டியது அவ்வளவு நீண்டதன்று. சிவன்மலை அடிவாரத்திலிருந்து காங்கயத்து இட்டேரிகள் வழியாக ஊதியூர் மலை வரை சுமார் 20 கிலோமீட்டர் போதும். பாதையை வாங்க வேண்டிய சிரமம்கூட இல்லை. கிராம வரைபடத்தில் அரசாங்கத்தின் பெயரில் எங்கெங்கே வழி இருக்கிறதோ அதை அளந்து, சீமைக்கருவேலை வெட்டி, வளைவுக்கொரு கல் நட்டால் ஆகிவிடும். ஊராட்சிகள் அளந்து கொடுக்கட்டும். தொழிலால் செல்வம் பெற்ற நகரம் கல்லுக்கும் கூலிக்கும் பொறுப்பேற்கட்டும். மேய்ப்பர்களைக் கேட்டு எவ்விடத்தில் வேலி புனிதமானது, எவ்விடத்தில் ஆட்டுக்கு வழிவிட வேண்டும் என்று தெரிந்துகொள்ளட்டும். வண்டி மாடு விட்டுப்போன தடத்தில் பனியன் தொழிலாளியின் கால் பதியத் தொடங்கினால், இட்டேரி மீண்டும் வேலை பெறும். வேலையுள்ள பாதையின்மேல் வேலியை நகர்த்த எவரும் துணியமாட்டார்.